ஊதுறியா, துப்புறியா?

அண்ணே, முன் சீட்டு அண்ணே! ஜன்னல் வழியா துப்பாதீங்க. பஸ்ஸு போற வேகத்துல எல்லாம் பின்னாடி உக்காந்திருக்கிறவங்க மூஞ்சியிலதான் வந்து விழுது. ஆமா, உங்களைத்தான் சொல்றேன்.

உங்க மேல பட்டுருச்சா தங்கச்சி? இந்தாங்க கர்சீப், துடைச்சுக்குங்க. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. 'தூ'ன்னு ஒரே ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்து என் பொழப்பையே புரட்டிப் போட்டுச்சுன்னா நம்புவீங்களா? மதுரை வரைக்கும்தானே போறீங்க? அப்போ சொல்றேன்.

என் பேரு சகாயராணி. வத்தலக்குண்டுப் பக்கம் சூசைபுரம். அங்க கான்வென்ட் ஸ்கூல்ல ரெண்டாம் வகுப்பு டீச்சர். பொம்பளப் பிள்ளைங்க பேண்டுக்கும் நான்தான் டீச்சர். டிரம்பெட் வாசிப்பேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? புடவை கட்டிக்கிட்டு டிரம்பெட் ஊத முடியாதா? நல்லா ஊதலாம்.

அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. படிக்கிற காலத்துல ஸ்கூல் அணிவகுப்புக்கு டிரம்பெட் ஊதியிருக்கேன். சிஸ்டர் ஊதுன்னு சொல்லுவாங்க, நானும் ஊதுவேன், அவ்வளவுதான். எப்படி ஊதணும்னு சொல்லிக் குடுக்க ஆளு கிடையாது. எங்க கோயில் பேண்டு செட்டுல ஒரு ஆளு குவைத்துக்குப் போயிட்டாரு. திருவிழாவுக்கு ஆளு குறையுது. ஃபாதர்தான் சொன்னாரு, "நம்ம சகாயராணி ஊதுமே, சேத்துக்குங்க"ன்னு. பேண்டு மாஸ்டர் இன்னாசிமுத்து. அவருக்குப் பிடிக்கல. ஆனா ஃபாதர் பேச்சைத் தட்ட முடியல.

கோயில் மைதானத்துல ஒத்திகை. ஊரே சுத்தி நிக்குது, பொம்பளப் பிள்ளை டிரம்பெட் ஊதப் போகுதுன்னு வேடிக்கை பாக்க. நான் வாய் வச்சேன். முதல் சுரமே உடைஞ்சு போச்சு. ரெண்டாவதும் உடைஞ்சுது. சுரத்துக்கு முன்னாடி 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம் வருது, எச்சியும் சேந்து வருது.

ஏன் அப்படி ஆச்சுன்னு இப்போ எனக்குத் தெரியும். நான் நாக்கை ரெண்டு உதட்டுக்கும் நடுவுல வெளிய நீட்டிட்டு, அப்புறம் உள்ள இழுத்தேன். வெத்தல எச்சியைத் துப்புவாங்கள்ல, அதே மாதிரி. அப்படிப் பண்ணக் கூடாது. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி, ஈறு மேடு கட்டி நிக்குதில்ல, அங்க தொட்டுட்டு இறங்கணும். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாச்சு எனக்கு? ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம். அந்த மனுசன் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாதா? தெரியும்.

என்ன பண்ணாரு தெரியுமா? கைதட்டி எல்லாரையும் நிறுத்தினாரு. என் பக்கத்துல வந்தாரு. "ஏ புள்ள, ஊதுறியா, துப்புறியா?"ன்னாரு. சனம் சிரிச்சுச்சு. சிரிச்சதும் மனுசனுக்கு உற்சாகம் வந்துருச்சு. என் கையில இருந்த டிரம்பெட்டைப் பிடுங்கி, தோள்ல கிடந்த துண்டால வாய் வைக்கிற இடத்தைத் துடை துடைன்னு துடைச்சாரு. அப்புறம் என்னை மாதிரியே நின்னு, தோளைக் குறுக்கிக்கிட்டு, "தூ… தூ… தூ…"ன்னு துப்பிக் காட்டினாரு. "இது சகாயராணி இல்லப்பா, துப்புராணி. இதுக்கு எதுக்கு டிரம்பெட்டு? வெத்தலயக் குடுத்து உக்கார வைங்க."

அவ்வளவுதான் தங்கச்சி. ஒரு நிமிசம்கூட இருக்காது. பேரு ஒட்டிக்கிச்சு.

தெருவுல போனா 'தூ'ம்பானுங்க. ரேசன் கடை வரிசையில நின்னா 'தூ'. பூசைக்குப் போய் முட்டி போட்டா பின்னாடி எவனோ மெதுவா 'தூ'ம்பான். எங்கம்மா எங்கேயோ கூலி வேலைக்குப் போன இடத்துல, "நீ துப்புராணி அம்மாதானே"ன்னு கேட்டிருக்காங்க. அம்மா வந்து என்னை அடிச்சாங்க. என்னை ஏன் அடிக்கணும்? ஆனா அடிச்சாங்க.

அதையெல்லாம்கூட விட்ருவேன். கோவிலூர்ல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல குடும்பம். மாப்பிள்ளை மின்வாரியத்துல வேலை. காப்பி குடுத்தாச்சு, பேசியாச்சு, எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. கிளம்பி வாசலுக்கு வந்தப்போ தெருப் பயலுக ரெண்டு பேரு, "துப்புராணிக்குக் கல்யாணம்"னு கத்திக்கிட்டு ஓடுறானுங்க. மாப்பிள்ளையோட அம்மா நின்னுட்டாங்க. "பிள்ளை எதுக்குத் துப்புது?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா என்னன்னு சொல்லுவாங்க? அந்தம்மா என் நெஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஆள் விட்டுச் சொல்லிவிட்டாங்க. பொண்ணுக்குக் காசநோய் இருக்காம், எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, வேண்டாம்னு.

காசநோய்! நல்லா இருந்த எனக்கு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ரெண்டாந்தாரம். வேண்டாம்னுட்டேன். நான் வருத்தப்படல. வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தா பழி வாங்குறது யாரு?

டீச்சர் வேலைக்குச் சேந்தேன். சம்பளத்துல முதல்ல வாங்கினது டிரம்பெட்டுதான். வீட்டு ஜன்னலுக்கெல்லாம் போர்வையை அடைச்சுட்டு ஊதுவேன். வரல. உடைஞ்சு உடைஞ்சுதான் வந்துச்சு. ஒருநாள் வகுப்புல சொல்வதெழுதுதல் போட்டுக்கிட்டு இருந்தேன். 'காற்று'ன்னு சொன்னேன். பிள்ளைங்க எல்லாம் 'காத்து'ன்னு எழுதி வச்சிருக்குதுங்க. நாம பேசுற மாதிரி. "காத்து இல்ல கண்ணுகளா, காற்று. டீச்சர் நாக்கு எங்க தொடுதுன்னு பாருங்க. ற்… று"ன்னு வாயைத் திறந்து காட்டினேன். காட்டினவ அப்படியே நின்னுட்டேன்.

நீங்களும் சொல்லிப் பாருங்க. காத்துன்னு சொன்னா நாக்கு பல்லுல போய் முட்டும். காற்றுன்னு சொன்னா பல்லை விட்டுட்டு மேல, அந்த ஈறு மேட்டைத் தொடும். தொட்டுச்சா? அதான் இடம். டிரம்பெட்டுக்கு அதான் இடம்!

சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழட்டாம ஊதினேன். சுரம் கத்தரிச்ச மாதிரி வந்து விழுந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா நானே கண்டுபிடிச்சேன். நாக்கு காத்தைத் தள்ளுறதே இல்ல தங்கச்சி. அது கதவு மாதிரி. காத்து வந்து பின்னாடி முட்டிக்கிட்டு நிக்கும், கதவு விலகினா போதும். கீழ் சுரத்துக்கு உள்ள 'ஆ'ன்னு நாக்கைப் படுக்கப் போடணும். மேல போகப் போக 'ஈ'ன்னு தூக்கிக்கணும். வேகமா ஊதணும்னா நாக்கு நுனி ஒரு தடவை, அடிநாக்கு ஒரு தடவை, 'தக தக தக'ன்னு. எல்லாம் நானாத்தான். ஒவ்வொண்ணும் வரும்போது, இன்னாசிமுத்து, இரு உனக்குன்னு நெனச்சுக்குவேன்.

பிள்ளைங்களுக்கு பேண்டு ஆரம்பிச்சேன். மாவட்டத்துல பரிசெல்லாம் வாங்கினோம். சனங்க மெதுமெதுவா அந்தப் பேரை விட்டுட்டாங்க. 'பேண்டு டீச்சர்'னு ஆயிட்டேன். ஆனா அந்த மனுசன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்க பிள்ளைங்க வாசிக்கிறதை நின்னு கேட்டாரா? மைதானத்தைத் தாண்டி நடந்து போவாரு, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. நான் மறந்துருவேன்னு நெனச்சாரு போல.

போன வருசத் திருவிழாக் கொடியேத்தம். அவரு டிரம்பெட் எடுத்தாரு. வயசாயிருச்சு, ஆனா முதல் டிரம்பெட்டை யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டாரு. வாயில வச்சாரு. 'பூ… பூ…'ங்குது. ஒரு சுரத்துக்கும் தொடக்கமே இல்ல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கொழகொழன்னு ஒட்டிக்கிட்டு வருது. அப்புறம்தான் தெரிஞ்சுது, மேல்பல் வரிசை முழுக்க எடுத்துட்டு பல்செட் வச்சிருக்காருன்னு. சனம் சிரிச்சுச்சு தங்கச்சி. அதே மைதானம், அதே சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். ஜெபம் பண்றேன்னு பக்கத்துல இருந்தவங்க நெனச்சிருப்பாங்க.

அடுத்த திருவிழாவுக்கு வெளியூர் செட்டைக் கூப்பிடலாம்னு கோயில் கமிட்டியில பேச்சு வந்துச்சு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு, கையில டிரம்பெட் பெட்டியோட.

"டீச்சர், நாக்கு இடம் மாறிப் போச்சு. எங்க வைக்கிறதுன்னே தெரியல. நீங்க சொல்லிக் குடுப்பீங்கன்னாங்க."

டீச்சராம், நீங்களாம்! எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? கர்த்தர் கொண்டாந்து கையில குடுத்த மாதிரி இருந்துச்சு. "வாங்க மாஸ்டர், உக்காருங்க"ன்னேன். அவ்வளவு மரியாதையா நான் யாருக்கும் சொன்னதில்ல.

வீட்டுக்குள்ள உக்கார வைக்கல. வாசல்ல, தெருவுக்குத் தெரியுற மாதிரி ஸ்டூலைப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம்னா நவநாள் ஜெபத்துக்கு ஊரே எங்க தெரு வழியாத்தான் கோயிலுக்குப் போகும். சுவர்ல ஒரு கண்ணாடியை மாட்டினேன். அவரு மூஞ்சி அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். "டிரம்பெட் வேண்டாம், பெட்டியை மூடுங்க. கண்ணாடியைப் பாத்து 'தூ'ன்னு சொல்லுங்க."

பாத்தாரு என்னை. "தூ"ன்னாரு.

"சத்தமா."

"தூ!"

"நாக்கு நுனி தெரியுது, மாஸ்டர். இன்னும்."

எச்சி கண்ணாடியில தெறிக்குது, அவரு மூஞ்சி மேலேயே. துண்டால துடைச்சுட்டு மறுபடி "தூ". தெருவுல போறவங்க நின்னு பாக்குறாங்க. "என்ன மாஸ்டர், யாரைத் துப்புறீங்க?"ன்னு கேக்குறாங்க. நான் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். நாக்கு இருக்க வேண்டிய இடத்தைச் சொன்னேனா? சொல்லல. ஏன் சொல்லணும்? எனக்குச் சொன்னாரா அவரு?

ஒரு வாரம் வருவாரு, அப்புறம் ஓடிருவாருன்னு நெனச்சேன். ஓடல. ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்துருவாரு. மழை பெஞ்சா குடையோட வருவாரு. அதான் எனக்கு எரிச்சல். அவமானப்படுத்தினா அவமானப்படணும்ல? பக்கத்து வீட்டு லூர்து அக்கா, "பாவம்டி, வயசான மனுசன். உள்ள உக்கார வச்சுச் சொல்லிக் குடேன்"ன்னாங்க. "உங்களுக்குத் தெரியாதுக்கா, இதெல்லாம் பாடம்"னு சொல்லிட்டேன்.

அப்புறம் யோசிச்சேன், சும்மா 'தூ' மட்டும் பத்தாதுன்னு. ஒரு துண்டுக் காகிதத்தை மூக்குக்கு முன்னாடி தொங்க விட்டு, 'தூ'ன்னதும் அது சடக்குன்னு ஆடணும்னு சொன்னேன். ஆடாது. பல்செட் நழுவி விழும். அவரு பொறுக்கி, கழுவி, மாட்டிக்கிட்டு வருவாரு. நான் திருநெல்வேலியில பல் டாக்டரா இருக்கிற எங்க பழைய மாணவிக்கு போன் போட்டுக் கேட்டு, ஒட்டுற பேஸ்ட்டு ஒண்ணு வரவழைச்சுக் குடுத்தேன். நழுவுதுன்னு சாக்குச் சொல்லிப் பாதியில எந்திரிச்சுப் போயிரக் கூடாதில்ல? காப்பி குடுப்பேன். நல்லா ஆத்தித்தான் குடுப்பேன், சூடாக் குடிச்சா நாக்கு மரத்துப் போகும். சர்க்கரை போட மாட்டேன், அவருக்குச் சுகர் இருக்கு. நான் நெனச்சதெல்லாம் முடியுறதுக்கு முன்னாடி ஆளு போய்ச் சேந்துட்டா என் பழி என்னாகுறது?

ஒரு சனிக்கிழமை அவரு வரல. காய்ச்சலாம். காப்பிக்குப் பால் வாங்கி வச்சிருந்தேன், திரிஞ்சு போச்சு. அவ்வளவு கோவம் எனக்கு. அடுத்த வாரம் வந்தாரு. பெட்டியைத் திறந்து, என்னைக் கேக்காமலே டிரம்பெட்டை எடுத்து வாயில வச்சு, அதே 'பூ… பூ…'. எனக்குத் தலைக்கு ஏறிருச்சு.

"என்ன மாஸ்டர் இது! இத்தனை மாசமா என்ன பண்ணிட்டு இருக்கோம்? நாக்கு பல்லுல போய் முட்டுது! காத்து இல்ல மாஸ்டர், காற்று! ற்று! ற்று! அந்த மேட்டுல! மேடு இப்போ பிளாஸ்டிக்கா இருந்தா என்ன? பிளாஸ்டிக்கைத் தொடுங்க!"

வாயை மூடினேன். ஆனா சொல்லிட்டேன். மறைச்சு வச்சிருந்தது வெளிய வந்துருச்சு. என் நாக்கே எனக்குத் துரோகம் பண்ணிருச்சு.

அவரு மெதுவா, "காற்று"ன்னு சொல்லிப் பாத்தாரு. "ற்று… ற்று…" டிரம்பெட்டை எடுத்தாரு. ஊதினாரு.

தங்கச்சி, நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சுரம் மாதிரி நான் கேட்டதில்ல. இத்தனை மாசம் கண்ணாடி முன்னாடி துப்பித் துப்பி நாக்கு முறுக்கேறிப் போய்க் கிடந்திருக்கு. இடம் தெரிஞ்சதும் பிடிச்சுக்கிச்சு. நான் குடுத்த தண்டனைதான் அவருக்குப் பயிற்சி ஆயிருச்சு! தெருவுல போறவங்க நின்னு கைதட்டுறாங்க. லூர்து அக்கா கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. நான் உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு மூஞ்சியைக் கழுவினேன். கோவத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வரும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

திரும்பி வந்தேன். "மாஸ்டர், எனக்குச் சம்பளம் வேண்டாம். ஒண்ணு மட்டும் செய்யணும். கொடியேத்தத்துல வாசிச்சு முடிச்சதும் மைக்ல ஒரு விசயம் சொல்லணும்"னேன்.

"என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்"னாரு.

"தெரியுமா?"

"நீ ஸ்டூலைத் தெருப் பக்கம் போட்ட அன்னைக்கே தெரியும்."

தெரிஞ்சே வந்திருக்காரு பாருங்க! தெரிஞ்சே உக்காந்து துப்பியிருக்காரு. என்ன அழுத்தம் இருக்கணும்!

இந்த வருசக் கொடியேத்தம் வந்துச்சு. வாசிச்சாரு. ஒரு சுரம் பிசகல. கமிட்டிக்காரங்க வாயைப் பிளந்துட்டு நிக்கிறாங்க. அப்புறம் மைக்கைப் பிடிச்சாரு. நான் முன் வரிசையில புதுப் புடவை கட்டிக்கிட்டு நிக்கிறேன். எத்தனை வருசத்து நாள் அது!

சொன்னாரு. ஒண்ணு விடாமச் சொன்னாரு. "இதே மைதானத்துல, பத்தொம்பது வயசுப் பிள்ளை ஒண்ணு டிரம்பெட் ஊத வந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா?" தோளைக் குறுக்கிக்கிட்டு நின்னு, "தூ… தூ… தூ…"ன்னு பண்ணிக் காட்டினாரு. துண்டால துடைச்சதைக் காட்டினாரு. "துப்புராணின்னு பேரு வச்சேன். அந்தப் பேரால அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே நின்னு போச்சு. நான் பாவி. அந்தத் துப்புராணிதான் இன்னைக்கு எனக்கு நாக்கைத் திருப்பிக் குடுத்தது."

பேண்டுக்காரரு இல்லையா, கூட்டத்தைப் பிடிக்கத் தெரிஞ்ச மனுசன். சனம் சிரிச்சுச்சு, அப்புறம் அழுதுச்சு, அப்புறம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. அவருக்கு!

திங்கக்கிழமை வகுப்புக்குள்ள போறேன். முன் பெஞ்சுல ஒரு பிள்ளை எந்திரிச்சு, ரொம்பப் பிரியமா, "டீச்சர், நீங்கதான் துப்புராணியா?"ன்னு கேக்குது.

பழைய ஆளுங்க மறந்து போயிருந்தாங்க தங்கச்சி. சின்னதுகளுக்குத் தெரியவே தெரியாது. இப்போ கைக்குழந்தையில இருந்து எல்லாருக்கும் தெரியும். காய்கறிக்காரன்கூட, "துப்புராணி டீச்சர், தக்காளி எடுத்துக்குங்க"ன்னு மரியாதையாச் சொல்றான். மரியாதையாச் சொல்றவனை என்ன பண்ண முடியும்?

நேரா மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "நான் என்ன கேட்டேன், நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு சத்தம் போட்டேன்.

"நீ சொல்லச் சொன்னதைத்தானேம்மா சொன்னேன்"ங்கிறாரு. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "பத்தலன்னா இன்னொரு தண்டனை குடு"ன்னாரு.

குடுக்காம விடுவேனா? "சனிக்கிழமை வாங்க"ன்னுட்டேன்.

இப்போ மதுரைக்கு எதுக்குப் போறேன்னா, அதுக்குத்தான். டிரம்பெட்டுல வாய் வைக்கிற மவுத்பீஸ்ல விளிம்பு அகலமா ஒண்ணு வருது. பல்செட் வச்சவங்களுக்கு அது அழுத்தாதாம், கடைக்காரர் எடுத்து வச்சிருக்காரு. அதை மாட்டிவிட்டு, வேகமா 'தக தக' சொல்லிக் குடுக்கப் போறேன். அந்த வயசுல அடிநாக்கை எழுப்புறது லேசுப்பட்ட காரியமில்ல. நல்லாக் கஷ்டப்படுவாரு. வருசக்கணக்கா ஆகும்.

ஆகட்டும்.